ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்

நல்ல நினைவாற்றல் உள்ள ஒரு பெண்மணியை, அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒரு பனிக்காலம் முழுவதும் நம்ப வைத்தவன் நான். அதற்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்" என்ற ஒரு சொல்லும்தான். எண்ணெயை நான் விளைவு அறியாமல் பூசினேன். "ஓம்" என்பதை அறிந்தே சொன்னேன்.

அவர் கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில், என் வீட்டுக்கு நேர் மேலே குடியிருந்தார். கார் ஓட்டப் பழக்குவது தொழில். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இங்குள்ள பெண்களில் பாதிப்பேர், "ஐயோ, அந்த அன்ரியோ!" என்று கையிலிருக்கும் வளையலைத் தளர்த்திக்கொள்வார்கள்.

அவர் வீட்டில் எந்தப் போத்தலையும் மூடியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. இதை முதல் நாள் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் அவர் கேட்டுக்கொண்டபடி தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை எடுக்கப் போனேன். மூடி என்னோடு வந்தது. போத்தல் வரவில்லை. அன்று முருகனை நான் தரிசித்தது மஞ்சள் வேட்டியோடு.

"மூடியைப் பிடிச்சே தூக்கிறது? நீங்கள் படிப்பிச்ச மாஸ்டரெல்லோ?" என்றார்.

"இறுக்கி மூடியிருக்கலாமே!"

"ஏன் இறுக்க வேணும்? உள்ளுக்கை இருக்கிறது ஊறுகாய். அது எங்கை ஓடப்போகுது?"

அதுதான் அவர். எதையும் இறுக்கி வைக்கமாட்டார். சீனிப் போத்தல், மாப் பேணி, சுடுதண்ணீர்ப் போத்தல், சப்பாத்து நாடா, சூட்கேஸ் பட்டி எல்லாவற்றுக்கும் ஒரே விதி. பயன்படுத்தி முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். தன் வீட்டோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்த்து மனம் பொறுக்காமல் மணவறையில் ஏறித் தளர்த்திவிட்டார். தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை மூக்குவரை இறங்கியது. கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருக்க, அந்தப் பையன் தடவித் தடவித்தான் தாலி கட்டினான். "பிழையான கழுத்திலை கட்டேல்லைத்தானே?" என்று அவர் இறங்கி வந்துவிட்டார்.

கார் பழக்கும்போதும் இதேதான். பழக வரும் பெண்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் பக்கத்திலிருந்து குரல் வரும்: "பிள்ளை, கோழியின்ரை கழுத்தைப் பிடிச்ச மாதிரிப் பிடிக்காதை. அது சாகப்போகுது." பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால், "பிரேக்கை உதையாதை, கேள். மரியாதையாக் கேட்டா அது நிக்கும்" என்பார். அவரிடம் பழகியவர்கள் வீதிச் சோதனையில் பெரும்பாலும் முதல் தடவையே தேறிவிடுவார்கள். இதையும் அவரே சொல்லுவார், கேட்காதவர்களிடமும்.

இந்தத் தளர்த்தும் வியாதி எங்கிருந்து வந்தது என்பது அவரோடு ஆற்றுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இறகையும் நூலையும் சேர்த்துக் கட்டிய பொய் ஈயைத் தூண்டிலில் மாட்டி, சாட்டையைப் போல வீசி மீன் பிடிக்கும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இது எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில். என்னிடம், தன்னிடம் கார் பழகிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காசுக்குப் பதிலாகக் கற்றுத் தந்தார் என்றார். கோயில் ஐயரிடம், கனவில் வந்தது என்றாராம்.

இடுப்புக்கு மேலே ஏறும் றப்பர் காற்சட்டையை மாட்டி, நெற்றியில் திருநீறு பூசி, ஒஷாவாவையும் தாண்டி ஓர் ஆற்றில் போய் நிற்பார். குளிர்காலம் நெருங்கும்போது ஒன்ராறியோ ஏரியிலிருந்து பெரிய மீன்கள் அந்த ஆற்றில் ஏறும். பிடித்த மீனைக் கையில் ஏந்தி, "போயிட்டு வா ராசா" என்று திரும்ப விட்டுவிடுவார். வீட்டுக்கு வரும் வழியில் தமிழ்க் கடையில் காரை நிறுத்தி விளைமீன் வாங்குவார். கடைக்காரருக்கு இது எந்தக் காலத்திலும் விளங்கவில்லை. "அன்ரி, அங்கை விட்ட மீனை இஞ்சை ஏன் காசு குடுத்து வாங்கிறியள்?" என்பார்.

"அது எனக்குத் தெரிஞ்ச மீன் தம்பி. தெரிஞ்ச ஆக்களை எப்பிடிச் சாப்பிடுறது?"

நான் மீன், இறைச்சி தொடாத மரக்கறிக்காரன். மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. "வந்து கரையிலை இருங்கோ மாஸ்டர். விடுற மீனிலை உங்களுக்குப் பாவமும் ஒட்டாது" என்று கூட்டிக்கொண்டு போவார். நான் மடக்குக் கதிரையில் தேநீரோடு இருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் இருந்தேன் என்று இப்போது எழுதலாம். அப்போது யாரும் கேட்டிருந்தால் காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

அவருடைய பெருமையெல்லாம் தூண்டில் தடியில் பூட்டிய றீலில் இருந்தது. றீல் என்பது நூல் சுற்றிய ஒரு சக்கரம். அதற்குள்ளே தக்கையால் செய்த ஒரு வட்டு. பக்கத்திலிருக்கும் திருகை இறுக்கினால் தக்கை சக்கரத்தை அழுத்தும், நூல் கஷ்டப்பட்டு வெளியே போகும். தளர்த்தினால் இலகுவாகப் போகும். பெரிய மீன் கவ்விக்கொண்டு ஓடும்போது அதை ஓடவும் விட வேண்டும், சும்மா ஓடவும் விடக்கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் தக்கையின் வேலை. அவர் அதைப் பிரேக் என்றுதான் சொல்லுவார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை திருகைத் தளர்த்துவது. "இறுக்கினபடி வைச்சா கோர்க் நசிஞ்சு போகும் மாஸ்டர். நசிஞ்ச கோர்க் பிறகு கோர்க் இல்லை, பலகை. மனுசரும் அப்பிடித்தான். உங்களைப் பாருங்கோ." பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பழைய பல்துலக்கியால் மண்ணை எடுத்து, துவாயில் கவிழ்த்துக் காய விடுவார். தக்கை காய்ந்து வறண்டால் விட்டு விட்டுக் கவ்வும். ஆகவே மீன் ஏறும் காலத்துக்கு முன்னால் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய்.

அந்த எண்ணெயில்தான் நான் வழுக்கினேன்.

ஓர் இலையுதிர்காலத்தில் அவர் லண்டனுக்குப் போக வேண்டி வந்தது. தங்கையின் பேத்திக்குச் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு விழா. போகும்போது றீலையும் ஒரு சிறு போத்தலையும் என்னிடம் தந்தார். "கோர்க்குக்கு ஒரு சொட்டு. விரலாலை பூசி ஊற விடுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ. நான் வந்தவுடனை ஆத்துக்குப் போறம்."

அவர் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலின் சிட்டையை வாசித்தேன். மாட்டின் கால் எலும்பை அவித்து எடுத்த எண்ணெய். தோலுக்கும் தக்கைக்கும் உகந்தது என்று எழுதியிருந்தது. எனக்குக் கை கூசிவிட்டது. அது வெள்ளிக்கிழமை வேறு. போத்தலை ஒரு பிளாஸ்ரிக் பையில் கட்டி, அதை இன்னொரு பையில் கட்டி, சாமியறைக்கு மிகத் தூரமான இடம் என்று பல்கனியில் வைத்தேன்.

பிறகு யோசித்தேன். எண்ணெய் எண்ணெய்தானே. என் தாயாரின் தையல் மெஷின், கிணற்றுக் கப்பி, படலைப் பிணைச்சல், அப்பாவின் சைக்கிள், எங்கள் தலைமயிர் எல்லாம் ஓடியது தேங்காய் எண்ணெயில். ஒன்றும் மக்கர் பண்ணியதில்லை. மாட்டுக்காலைவிட இது சுத்தமானது, சைவமானது. ஒரு சொட்டுக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி விட்டேன். தக்கைக்கு விட்டது போக மிச்சத்தை அச்சுக்கும் விட்டேன். எங்கள் கட்டடத்தில் ஹீற்றரைப் போட்டுவிட்டால் பெனியனோடுதான் இருக்கலாம். அந்தச் சூட்டில் சக்கரம் கோயில் தேரை விட அழகாகச் சுழன்றது.

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பித்தவன். தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். ஆனால் யாழ்ப்பாணத்தில் அது உறைந்து நான் பார்த்ததில்லை. பார்க்காததைப் படிப்பிப்பது சுலபம்.

லண்டனிலிருந்து வந்த அவர் றீலைச் சுழற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நல்லா ஓடுது! நான் தந்த எண்ணெய்தானே பூசினீங்கள்?"

"ஓம்" என்றேன்.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆற்றுக்குப் போனோம். கரையில் புல் வெள்ளையாக விறைத்திருந்தது. காரின் சூட்டிலிருந்து றீலை எடுத்தபோது அது இலகுவாகவே சுழன்றது. வேண்டிய நூலை இழுத்துவிட்டு, ஆற்றுக்குள் இறங்கி வீசத் தொடங்கினார். நான் தேநீரை ஊற்றினேன். அது ஆறிப்போக, இரண்டாவது தடவையும் ஊற்றினேன். அந்த நேரமெல்லாம் றீல் அவர் இடுப்பளவில், பனித்தண்ணீரில் தோய்ந்து தோய்ந்து குளிர்ந்துகொண்டிருந்தது.

அப்போது மீன் கவ்வியது. ஒருமுறை தண்ணீருக்கு மேலே வந்து தன்னைக் காட்டியது. அப்படியொரு மீனை நான் மீன்கடைப் பலகையிலும் பார்த்ததில்லை.

"மாஸ்டர்! இது அவன்தான்! மூண்டு வருசமா என்னை ஏமாத்தினவன்!" என்று கத்தினார்.

மீன் ஓடியது. கையிலிருந்த நூல் முடிந்தது. இனி றீல் நூல் தர வேண்டும். அது தரவில்லை. அவர் திருகைப் பிடித்து முறுக்கினார். தடி வளைந்தது. ஏதோ பட்டென்று அறுந்தது. அவர் பின்புறமாக, மெதுவாக, ஒரு மகாராணி சிம்மாசனத்தில் அமர்வதுபோல ஆற்றில் அமர்ந்தார். தொப்பி மட்டும் மீன் போன திசையில் போனது.

கரைக்கு இழுத்து வந்து கம்பளியால் போர்த்தினேன். "றீலைப் பிடியுங்கோ" என்று என்னிடம் தந்தார். சக்கரத்தின் ஓரத்தில் வெள்ளையாக, மெழுகுபோல ஏதோ பிதுங்கி நின்றது. விரலால் தொட்டேன். பிள்ளைப்பிராயம் முதல் தலையில் வைத்த பொருளை அடையாளம் காண ஒருவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. கைலேஞ்சித் துணியால் வெள்ளையைத் துடைத்தேன். றீலைக் குளிருக்குப் பாதுகாப்பாக வைப்பவனைப்போலக் கோட்டுக்குள், கக்கத்தில் செருகிக்கொண்டேன். ஸ்காபரோ வந்து சேர்வதற்குள் சாட்சியம் முழுவதும் உருகிவிட்டது.

வீட்டில் அவர் றீலைச் சுழற்றினார். தேர்போல ஓடியது. மறுபடி சுழற்றினார்.

"றீலிலை பிழை இல்லை" என்றார் கடைசியில். "என்ரை கைதான் பிழை. தளர்த்திறன் எண்டு நினைச்சு இறுக்கிப்போட்டன்."

"அவசரத்திலை யாருக்கும் வரும்" என்றேன் நான்.

"எனக்கு வராது மாஸ்டர். நான் வாழ்நாளிலை செய்தது உது ஒண்டுதான்."

அடுத்த கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது சீனிப் போத்தலைத் திறக்க முடியவில்லை. மாப் பேணியும் அப்படியே. ஊறுகாய்ப் போத்தலை நான் மூடியைப் பிடித்துத் தூக்கினேன். முழுதாக வந்தது. "இனி எல்லாத்தையும் இறுக்கித்தான் வைக்க வேணும். கை சொல்லுக் கேக்கேல்லை. எதையாவது கொட்டிப்போடுவன்" என்றார்.

மார்க்கம் நகரில் ஒரு தமிழ் டொக்டரிடம் நினைவுச் சோதனைக்குப் போனார். நான் கூடப் போனேன். டொக்டர், "தெரிஞ்ச மிருகங்களின்ரை பேர் சொல்லுங்கோ அம்மா" என்றார். இவர் சூடை, கும்பிளா, ஓரா, ஒட்டி, திருக்கை, அறக்குளா என்று மூச்சுவிடாமல் தொடங்கினார்.

"அது மீன் அம்மா. நான் கேட்டது மிருகம்."

"ஏன், மீன் என்ன மரக்கறியோ?"

டொக்டர் சிரித்து, உங்களுக்கு ஒன்றுமில்லை, என்னைவிட நல்ல நினைவு என்று சொல்லி அனுப்பினார். காரில் ஏறியதும் இவர் சொன்னார்: "அவர் இடம் வலம் கேக்கேல்லை. அதுதான் எனக்குப் போச்சு. இடம் வலம் தெரியாதவள் என்னெண்டு மற்றப் பிள்ளையளுக்குக் கார் பழக்கிறது? காஸ் பெடலைப் பிரேக் எண்டு சொல்லிப்போட்டா?"

தை மாதத்தில் கூரையில் பெயர்ப்பலகை வைத்த அந்தப் பழக்கும் காரை, இரண்டு பக்கமும் பிரேக் உள்ள காரை, பிக்கரிங்கிலிருந்து வந்த ஒரு புதிய பழக்குநருக்கு விற்றார். பழக வந்துகொண்டிருந்த பெண்களையும் அவரிடமே அனுப்பிவிட்டார். கார் வெளியே போகும்போது ஜன்னலருகே நின்று வலது காலால் தரையை மெல்ல அழுத்தினார். கார் வளைவில் நின்று நிதானித்துத் திரும்பியது. அதன் பிறகுதான் காலை எடுத்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும் என்பது என் கணக்கு. காரும் ஆறும் இல்லாத அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

பங்குனியில் ஒரு நாள் என் கதவைத் தட்டினார். கையில் றீல்.

"இது இனி உங்களிட்டை இருக்கட்டும். என்ரை கையிலை வைச்சா பழுதாக்கிப்போடுவன். இவ்வளவு கவனமாப் பாக்கிற ஆள் எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

மனிதன் எவ்வளவையும் தாங்கலாம், பிழை செய்தவன் கையில் பரிசு கொடுத்தால் தாங்க முடியாது. நான் குசினிக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். பல்கனிக்குப் போய் இரண்டு பைக்குள் கட்டிய மற்றப் போத்தலையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கக்கம் வரைக்கும்.

அவர் எழுந்து என் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தயிருக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் றீலை வைத்து மூடினார். "தேத்தண்ணி போடுங்கோ" என்றார். தேநீர் குடித்தோம். இருவரும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம், உள்ளே யாரோ பிள்ளை பெறுவதுபோல.

வெளியே எடுத்து நூலை இழுத்தார். அசையவில்லை. ஓரத்தில் வெள்ளை பிதுங்கி நின்றது. திருகை இடப்பக்கம் திருப்பி இழுத்தார். அசையவில்லை. வலப்பக்கம் திருப்பி இழுத்தார். அசையவில்லை.

"எனக்கு ஒண்டும் இல்லை!" என்று கத்தினார். "மாஸ்டர், எனக்கு மூளை பழுதில்லை! உங்களுக்குத்தான்!"

என் தொலைபேசியையே எடுத்து, லண்டன் தங்கையிலிருந்து தொடங்கினார். "நான் நல்லா இருக்கிறன்! மாஸ்டர் றீலுக்குத் தலைக்கு வைக்கிற எண்ணெயைப் பூசினவர்!" டொக்டரின் அலுவலகத்துக்கு, மீன்கடைக்கு, கோயில் ஐயருக்கு. பொழுதுபடுவதற்குள் நான் ஸ்காபரோவில் பிரபலமாகிவிட்டேன். மீன்கடைக்காரர் அன்றைக்குப் பிறகு என்னைக் கண்டால், "மாஸ்டர், மிஷினுக்கு எண்ணெய் விட வேணும், கொஞ்சம் வாறீங்களோ?" என்பார்.

கடைசி அழைப்பை முடித்துத் தொலைபேசியை வைத்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

"அப்ப அந்த மீன்?" என்றார்.

றீலையும் இரண்டு போத்தல்களையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

நான் செய்த பரிகாரங்களைச் சொல்ல வேண்டும். பழைய காரை மீட்கப் பிக்கரிங்குக்குப் போனேன். அந்தப் பழக்குநர் தரமாட்டேன் என்றார், அதில் பழகுகிறவர்கள் நன்றாகத் தேறுகிறார்களாம். காரை விற்றவரும் பழக்கும் தொழிலுக்குத் திரும்பவில்லை. "மூளை சரியாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா ஒருக்காச் சந்தேகம் வந்த கால், பிரேக்கிலை முந்தியைப்போல நிக்காது" என்றார். அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆகவே வாழ்நாளில் சைக்கிளுக்கு மேல் ஓட்டாத நான் ஒரு பழைய கார் வாங்கி, என்னைப் பழக்கும்படி கேட்டேன். சம்மதித்தார். தண்டிக்கத்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். அந்தக் காரில் அவர் பக்கம் பிரேக் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் கால் தரையை மிதிக்கும். "மாஸ்டர், கோழி! கோழி! கழுத்தை விடுங்கோ!" என்ற சத்தத்தில் ஒரு பஸ்ஸே ஒதுங்கி நின்றது. நான் வீதிச் சோதனையில் பலமுறை தோற்றேன். அவரிடம் பழகி இத்தனை தடவை தோற்ற ஒரே ஆள் நான்தான் என்று இதையும் கேட்காதவர்களிடம் சொன்னார்.

தேறிய அந்த இலையுதிர்காலத்தில் அவரை ஆற்றுக்குக் கொண்டுபோனேன். அதற்கு முதல் நாள் அவர் மேற்பார்வையில் றீலைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன். பல்துலக்கியால் தேய்த்தேன். பிறகு கண்ணை மூடி, சிவசிவா என்று, மாட்டுக்கால் எண்ணெயில் விரலைத் தொட்டுத் தக்கையில் பூசினேன். "ஒரு சொட்டு!" என்று பக்கத்தில் நின்று கத்தினார். அன்று முழுவதும் அந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடியே சாப்பிட்டேன்.

ஆற்றில் சின்ன மீன்கள் வந்தன. அவன் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. ஆனால் அவர் வீட்டில் சீனிப் போத்தலின் மூடி மறுபடி தளர்ந்திருந்தது. ஒரு நாள் மறந்துபோய் மூடியைப் பிடித்துத் தூக்கினேன். தரை முழுவதும் சீனி. கூட்டும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறகு அவர் மகளோடு வன்கூவருக்குப் போய்விட்டார். அங்கே ஆறுகள் பெரியவை என்றார். புறப்பட்ட அன்று கீழே வந்து என் கையில் ஒரு போத்தலைத் தந்தார். என் தேங்காய் எண்ணெய்தான், அன்று மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. "உங்கடை சாமான். நான் பத்திரமா மூடி வைச்சிருக்கிறன்" என்றார்.

டாக்சி போன பிறகு திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன். சுடுதண்ணீரில் வைத்தேன். கதவிடுக்கில் வைத்து முறுக்கினேன். எல்லாவற்றையும் தளர்த்தும் கை, இந்த ஒன்றை மட்டும் இறுக்கியிருந்தது. யாரிடமாவது கொடுத்தால் திறந்துவிடுவார்கள். நான் கொடுக்கவில்லை.

அது குசினி ஜன்னலில் இருக்கிறது. கண்ணாடிக் குளிர் பட்டு அது வெள்ளையாக உறையும் காலத்தில் அவர் தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரிக்கமாட்டார்.

"மாஸ்டர், மூடி திறந்துதோ?"

"இல்லை" என்பேன்.

"இஞ்சை அந்த மீனும் இன்னும் வரேல்லை" என்பார்.